இன்ச் டேப்பும் கட்டைவிரலும்

அளவு மேசைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளில் நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: டேப்பைப் பிடிக்காதே, கிடத்து. பனியன் துணி பேச்சுக் கேட்கிற பிள்ளை. இழுத்த பக்கம் வரும். லெகிங்ஸின் தொடை அளவைக் கவட்டிலிருந்து ஓர் அங்குலம் இறக்கி எடுக்கவேண்டும் என்று சரக்கு வாங்கும் பையர் தாளில் எழுதியிருப்பான். அந்த ஓர் அங்குலம் அரை அங்குலமானால் அளவு வேறு, துணியை நீவிவிட்டு வைத்தால் வேறு, டேப்புக்கு அடியில் விரல் இருந்தால் வேறு. அவ்வப்போது எல்லா டேப்பையும் இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்ப்போம். டேப்பும் வயதானால் நீளும். திருப்பூரில் இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சென்ற ஆவணியில் ஊத்துக்குளியில் அண்ணன் வீட்டு உள்ளறையில் நடந்தது என் கண்ணில் படாமல் போக வழியே இல்லை. பார்த்தேன். பேசவில்லை. ஆறு மாதமாக உறுத்துவது அந்தப் பேசாமைதான்.

வந்தவள் சித்தப்பா மகள், எனக்குத் தங்கை. சென்ற வருடம்வரை அவள் வீட்டில் எட்டு விசைத்தறி ஓடின. சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்தவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஆனி மாதம் ஓர் அழகுப்பொருள் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். வீடு வீடாகக் காட்டி விற்பது, தனக்குக் கீழே ஆள் சேர்ப்பது, அந்த ஆள் விற்றால் இவளுக்கும் கொஞ்சம் என்று போகிற வகை. நம் பக்கம் இந்த வியாபாரம் ஓடுவது பொருளின் குணத்தால் அல்ல. காது குத்துக்கும் எழவுக்கும் முதல் ஆளாக வந்து நின்றவளிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கதவைத் தாழிட்டு, நங்கையை நிற்கவைத்தாள். (அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.) சேலையை ஏற்றிப் பிடிக்கச் சொல்லி வலது தொடையை அளந்தாள்: 58. பிறகு பையிலிருந்து, தொடை இளைக்க என்று விற்கும் க்ரீமின் வெள்ளை டியூபை எடுத்து, கோலி குண்டு அளவு பிதுக்கி, கால் மணி நேரம் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். மறுபடி அளந்தாள்: 56.8. நங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கால் மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குமேல்! ஆனால் முதல் அளவின்போது தங்கையின் இடது கட்டைவிரல் டேப்புக்கு அடியில் இருந்தது. இரண்டாவது அளவில் விரல் வெளியே வந்துவிட்டது. டேப் சதைக்குள் பதிந்து, மேலும் கீழும் சதை பிதுங்கி நின்றது. எடுத்த பிறகும் சிவப்பாக ஒரு கோடு சிறிது நேரம் தெரிந்தது. டியூப் விலை மூவாயிரத்து நானூறு ரூபாய். நங்கை இரண்டு வாங்கினாள்.

பருத்தியும் பருத்திக்கொட்டையும்

வாங்குவதற்கு முன் நங்கை கேட்ட கேள்வி நியாயமானது. "அந்த ஊசிதானா இது, அம்மிணி?" 2025 மார்ச்சில் டிர்செபடைடும், ஜூனில் எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடும் இந்தியச் சந்தைக்கு வந்ததிலிருந்து கல்யாணப் பந்தியில்கூட ஊசிப் பேச்சுதான். தங்கை கப்பென்று பிடித்துக்கொண்டாள். "அதே பெப்டைடுதான், நங்கை. அது குத்துகிற பெப்டைடு, இது பூசுகிற பெப்டைடு."

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த சிறு சரம். செமாக்ளூடைடில் 31 மணி, டிர்செபடைடில் 39. தங்கை கொண்டுவந்த க்ரீமில் இருந்தது 6 மணிச் சரம். பெயர் ஒன்றுதான், அதனால் என்ன? நூலும் பருத்திதான், கொட்டையும் பருத்திதான். ஒன்றை உடுத்துகிறோம், மற்றதை ஆட்டி மாட்டுக்கு வைக்கிறோம். ஊசியில் போகிற சரம் ரத்தத்தோடு போய் மூளையிடமும் குடலிடமும் போதும் என்று சொல்கிறது. பசி அடங்குகிறது, சோறு குறைகிறது, உடம்பு முழுதும் இளைக்கிறது. தொடையை மட்டும் தேடிப்போய் இளைக்கவைக்கும் வித்தை அந்த ஊசிக்கே தெரியாது. அதை ஏன் குத்துகிறார்கள்? விழுங்கினால் வயிறு பெரும்பாலும் செரித்துவிடும், பூசினால் தோல் உள்ளே விடாது என்பதால்தான். இன்சுலினும் 51 மணிப் பெப்டைடு. 1922-இல் முதல் நோயாளிக்குக் குத்தினார்கள். நூறு வருடம் தாண்டியும் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். பூசினால் போதும் என்றிருந்தால் எங்கள் அப்பாரு (தாத்தா) தினம் இரண்டு வேளை வயிற்றைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு ஊசியோடு உட்கார்ந்திருக்கமாட்டார்.

தோலின் மேல்படலம் 10 முதல் 20 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் செத்த செல்களைச் செங்கல்லாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் வைத்துக் கட்டிய சுவர் அது. 500 டால்டனுக்குமேல் எடையுள்ள மூலக்கூறு அந்தச் சுவரைத் தாண்டுவது அரிது என்று 2000-இல் போஸ், மெய்னார்டி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். இன்றும் அதைத்தான் முதல் அளவுகோலாக வைக்கிறார்கள். காஃபின் 194 டால்டன், நுழைந்துவிடும். செம்பு பெப்டைடு என்று விற்பதில் உள்ள 3 மணிச் சரம் 340. ஆறு மணி கோத்தால் பெரும்பாலும் 600-ஐத் தாண்டிவிடும். நெற்றிச் சுருக்கத்துக்குப் பூசுகிற அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-8 கிட்டத்தட்ட 889. இதற்காகத்தான் சில பெப்டைடுகளுக்குக் கொழுப்பு அமிலத்தில் ஒரு வால் ஒட்டுகிறார்கள், சாந்தோடு சாந்தாக வழுக்கிப் போகட்டும் என்று.

பெப்டைடு க்ரீம் எல்லாமே பித்தலாட்டம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படி வால் ஒட்டிய 5 மணிச் சரம் ஒன்றைச் சுருக்கத்துக்குச் சோதித்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. 93 பெண்கள், 12 வாரம். முகத்தின் ஒரு பாதிக்குப் பெப்டைடு கலந்த க்ரீம், மறுபாதிக்கு அதே க்ரீம் பெப்டைடு இல்லாமல். எந்தப் பாதியில் எது என்று பூசினவளுக்கும் தெரியாது, பார்த்து மதிப்பிட்டவருக்கும் தெரியாது. சிறிய பலன்தான், ஆனாலும் இருந்தது. அதில் இரண்டு விஷயம் கவனித்தேன். ஒன்று, சுருக்கம் இருப்பது தோலில். அதற்கு வாசற்படிவரை போனால் போதும். கொழுப்போ தோலையும் கடந்து கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. இரண்டு, அந்த அளவு எடுத்த முறை. படித்ததும் எங்கள் மேசைக்கு அப்படி ஒரு மேசை வேண்டும் என்று ஆசை வந்தது.

நங்கையிடம் போனில் சொன்னேன்: "வலது காலுக்கு மட்டும் பூசுங்கள். இடது காலுக்குத் தேங்காயெண்ணெய். மாதம் கழித்து நான் வந்து அளக்கிறேன்." அவள் சிரித்துவிட்டு, "ஒரு காலுக்கு மூவாயிரம் ரூபாய், ஒரு காலுக்குச் செக்கு எண்ணெயா? இன்னொரு கால் கோபித்துக்கொள்ளாதா?" என்றாள். இரண்டு காலுக்கும் பூசினாள். என் ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது.

மெத்தையில் இறங்கும் நூல்

பூசுவதற்குக் காரணமான தொடைக் குழிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அவற்றைக் குறிக்கும் செல்லுலைட் என்ற சொல்லுக்கு நம்மிடம் தமிழ் இல்லை. அமுச்சி, அதாவது பாட்டி, பின்கொசுவச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டினவள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அவள் முதுகுக்கு நான்தான் பாசிப்பயற்று மாவு தேய்ப்பேன். தொடையில் குழி குழியாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. பெயர் பிரான்சில் பிறந்தது. 1920-களில் அங்கே மருத்துவர்கள் அதைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். 1968-இல் வோக் பத்திரிகை அதை அமெரிக்கப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தியது. 1978-இல் ஜெர்மனியில் இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே இதை இட்டுக்கட்டிய நோய் என்றார்கள். ஊத்துக்குளிக்கு வர இன்னும் ஐம்பது வருடம் பிடித்தது, அவ்வளவுதான்.

பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்க, மேலிருந்து கீழாக நூல் குத்தி இழுத்து முடிச்சுப் போடுவார்கள். நூல் இறங்கிய இடம் குழி, நடுவே பஞ்சு மேடு. பெண்களின் தொடையில் தோலையும் அடியிலுள்ள தசையையும் இழுத்துக் கட்டும் நார்கள் அநேகமாக நேர்குத்தாக இறங்குகின்றன. ஆண்களுக்குச் சாய்வாக, குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பூப்பெய்திய பெண்களில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு பேருக்கு இது உண்டு, ஒல்லிக்கும் உண்டு. பஞ்சில் ஒரு பிடியை உருவினாலும் தையல் தையலாகத்தான் இருக்கும். தையலையே அறுக்கிற ஊசி ஒன்றை 2020 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், பிட்டத்துக்கு மட்டும். நார்களை அரிக்கும் நொதி அது. கன்றிப்போவதும் கறை தங்குவதும் பெரிய தலைவலியாகி 2022 டிசம்பரில் கம்பெனியே அந்த ஊசியை நிறுத்திவிட்டது. உள்ளேயே குத்தி அறுத்தும் நிலைக்காத வியாபாரம், மேலே பூசுகிற டியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"கொழுப்பைக் கரைக்கும்" என்று தங்கை சொன்னாள். ஊத்துக்குளியில் வந்து, அதுவும் வெண்ணெய் கடைகிற வீட்டில் நின்று, கரைக்கும் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். வெண்ணெயை உருக்கினால் நெய்யாகும், காணாமல் போகாது. கொழுப்புச் செல்லிலிருந்து கொழுப்பு வெளியே வந்தாலும், அதை உடம்பு எரித்தாகவேண்டும். இல்லாவிட்டால் சுற்றிவிட்டு மறுபடி ஏதோ ஒரு செல்லுக்கே போய்ச் சேரும்.

டப்பாவில் அந்தச் சொல் இல்லை. "குழிகளின் தோற்றம் குறைய உதவுகிறது" என்றுதான் இருந்தது. இங்கே தோற்றம் என்ற சொல்தான் மொத்தப் பாரத்தையும் சுமக்கிறது. 1940-ஆம் வருடச் சட்டப்படி அழகுப்பொருள் என்பது தோற்றத்தை மாற்றுவதற்கானது. உடம்பை மாற்றும் என்று சொன்னால் மருந்தாகிவிடும். உடல்பருமனைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடத்து மாயமருந்துச் சட்டம் தடுக்கிறது. ஆக, டப்பா வாயை மூடிக்கொள்கிறது. பேசுகிற வேலையெல்லாம் சோமனூர்த் தங்கைகளுக்கு.

சேர்மானப் பட்டியலையும் படித்தேன், லேபிள் படிப்பது என் பிழைப்பு. 1 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றை இறங்குவரிசையில் எழுதவேண்டும், அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்பது விதி. முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், மெழுகு வகைகள், காஃபின், பிறகு ஃபினாக்ஸிஎத்தனால். இது கெடாமல் காக்கிற பொருள், 1 சதவீதத்துக்குமேல் போடக்கூடாது. அதற்கும் பின்னால், வாசனைக்கு ஓரடி முன்னால் உட்கார்ந்திருந்தது அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-39. முன்பக்கத்தில் தங்க எழுத்தில் இருந்தவர் பின்பக்கத்தில் கடைசிப் பந்தியில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த 39 கொழுப்பைக் குறைக்கும் என்று விற்கப்படுகிறது. இதற்கு ஓர் எண் மூத்த 38, அதே பட்டறையில் பிறந்தது, கொழுப்பைக் கூட்டி மார்பையும் கன்னத்தையும் நிரப்பும் என்று விற்கப்படுகிறது. இரண்டும் கைவைப்பதாகச் சொல்வது பிஜிசி-1 ஆல்ஃபா என்ற ஒரே புரதத்தின்மேல். சந்தையில் இளைக்க ஒரு லேகியம், கொழுக்க ஒரு லேகியம் என்று ஒரே துணியில் பரப்பி வைத்திருப்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. காஃபின் ஏற்றிய துணியில் தைத்த உள்ளாடைகள் இடுப்பையும் தொடையையும் இளைக்கவைக்கும், குழியைக் குறைக்கும் என்று விற்றதற்காக 2014-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வக்கோல் அமெரிக்கா, நார்ம் தாம்ப்சன் அவுட்ஃபிட்டர்ஸ் என்ற இரண்டு கம்பெனிகளை 15 லட்சம் டாலருக்குமேல் கட்டவைத்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, ஒரு நிவியா க்ரீம் உடம்பை இளைக்கவைக்கும் என்று சொன்னதற்காக பையர்ஸ்டார்ஃப் 9 லட்சம் டாலர் கட்டியது.

என் கை

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு தங்கைமேல் எனக்குக் கோபம்தான் இருந்தது. உறவை வைத்து ஏமாற்றுகிறாள் என்று. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஒன்றும் பூசாமல், என் தொடையை நானே அளந்தேன். 57. சனிக்கிழமை காலையில் 56.2. ஞாயிறு மதியம் 56.6. கண்ணாடிக்கு முன்னால் நின்று அளந்தபோது 55.9. க்ரீமே இல்லாமல் ஒரு சென்டிமீட்டர் வருகிறது போகிறது. இதை ஒரு கட்டுரையாக எழுதிவிடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள்தான் பார்த்தேன், கண்ணாடியில். டேப்பின் முனையைப் பிடித்திருந்த என் விரல் இழுத்துக்கொண்டிருந்தது. நான் இழுக்கவில்லை, கை இழுத்தது. சின்ன எண் வேண்டும் என்று எனக்குத் தெரியாமலே அதற்குத் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் கிடத்து என்று சொன்ன கை.

பத்து வருடத்துக்கு முன் ஓர் இரவு ஞாபகம் வந்தது. விடிந்தால் சரக்கு தூத்துக்குடிக்கு ஏறவேண்டும். தொடை அளவு 8 மில்லிமீட்டர் குறைவு. தாளில் அனுமதி 5. நான் துணியை மேசையில் போட்டு உள்ளங்கையால் ஒருமுறை நீவினேன். அளவு வந்துவிட்டது. அடுத்த உருப்படிக்கும் நீவினேன். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்கு அதை நான் பொய் என்று நினைக்கவே இல்லை, துணியின் சுருக்கத்தை எடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். சரக்கு திரும்பியும் வரவில்லை.

தை மாதக் கடைசியில் தங்கை திருப்பூருக்கு வந்தாள், என்னைக் கீழே சேர்க்க. காபி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, கட்டைவிரலைப் பற்றிச் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விரல் அங்கே போயிருந்தது எனக்கே தெரியாது, அக்கா" என்றாள். பிறகு, நான் நம்பவேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன், பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். பழைய தறிக்கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து தொடங்கி அவளுடைய சொந்தக் கணக்கு. சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தனக்கே பூசி, தனக்கே அளந்து எழுதியிருந்தாள். முன், பின், குறைந்தது என்று மூன்று பத்தி. 31 ஞாயிறு. நெய்தவள் அல்லவா, பக்கத்தின் அடியில் கூட்டி, அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்து எழுதிக்கொண்டே வந்திருந்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் மொத்தம்: 34.6 சென்டிமீட்டர்.

நான் முதல் பக்கத்துக்குப் போனேன். ஆனியில் முதல் ஞாயிறு, முன்: 61. கடைசி ஞாயிறு, முன்: 60.7. இரண்டிலும் விரல் வைத்துக்காட்டினேன். அவள் மூன்றாவது பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்றில் முப்பத்துநாலரை போனால் மீதி என் கைத்தண்டு அளவு. வாயைத் திறக்காமல் என் முழங்கைக்குக் கீழே டேப்பைச் சுற்றிக் காட்டினேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாக, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். 61, 60.8, 61.2, 60.5, 61. ஏழு மாதம் அந்த எண்கள் அங்கேயே இருந்திருக்கின்றன.

"நீங்கள் அளந்து பாருங்கள்" என்றாள். நான் டேப்பைக் கிடத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் மகளைப் படிக்கச் சொன்னேன். 60.9. தங்கை அதை முன் என்ற பத்தியில் எழுதினாள். மற்ற இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு நோட்டை மூடினாள். மகனின் கல்லூரிக் கட்டணம் மாசி பத்தாம் தேதிக்குள் கட்டவேண்டும் என்று வேறு பேச்சுப் பேசினாள். செக்கிங்கில் ஆள் எடுக்கிறார்களா என்று நான் விசாரிப்பதாகச் சொன்னேன். கிளம்பும்போது பையில் இருந்த டியூபை எடுக்கவா வேண்டாமா என்று கை தயங்கியது. நானே கேட்டு வாங்கி, மூவாயிரத்து நானூறையும் எண்ணிக் கொடுத்தேன்.

இப்போது அது அளவு மேசையில் இரும்பு ஸ்கேலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஞ்சுத்தூசி கையை வறட்டி வெடிக்கவைத்துவிடும். இரவு ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் நான்கு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பூசிக்கொள்கிறோம். கிளிசரின் நல்ல கிளிசரின்தான்.